மறு: டாக்சின்–ஆன்டிடாக்சின் மரபணுக்களுக்குக் கலைச்சொல்

நண்பர்களே, வணக்கம்.

பாக்டீரியாக்களில் ஒரு நச்சுக்கும் (டாக்சின்) அதைத் தடுப்பதற்கும் (ஆன்டிடாக்சின்) இணையாக இருக்கும் மரபணுக்களுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் மடலிழை நீண்டுகொண்டே போகிறது, ஆனால் பேச்செல்லாம் முதல் பாதியான டாக்சினிலேயே சுற்றுகிறது. டாக்சினுக்கு நஞ்சா, நச்சா, நச்சுப்பொருளா என்பதில் எனக்குப் பெரிய சிக்கல் தெரியவில்லை. நச்சு என்று வைத்துக்கொள்வோம், கூட்டுச்சொல்லில் நன்றாக ஒட்டும். ஒரே எச்சரிக்கை, நச்சுயிரி என்று எழுதிவிடாதீர்கள், அது வைரசுக்குப் போய்விட்ட சொல். உண்மையில் இடிப்பது இரண்டாம் பாதியான ஆன்டிடாக்சின்தான்.

> நச்சுமுறி என்று நல்ல சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

நல்ல சொல்தான், பாம்பு கடித்தவருக்கு. கடி முதலில், முறி பிறகு. தொண்டை அடைப்பான் நோய்க்குக் குதிரைச் சீரத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்களே, அந்த ஆன்டிடாக்சினும் நோய் வந்தபின் வெளியிலிருந்து வரும் மருந்துதான். பாக்டீரியாவுக்குள் இந்த வரிசையே கிடையாது. நச்சும் அதைத் தடுப்பதும் பக்கத்துப் பக்கத்து மரபணுக்கள், பெரும்பாலும் ஒரே ஓட்டத்தில் படியெடுக்கப்படுபவை. செல் நன்றாக இருக்கும் நாளிலும் இரண்டும் உற்பத்தியாகிக்கொண்டேதான் இருக்கும். யாரும் யாரையும் குணப்படுத்தவில்லை.

எங்கே தொடங்கியது என்று பார்த்தால் இது புரியும். 1983இல் ஜப்பானில் ஒகுராவும் ஹிராகாவும் ஈ.கோலை பாக்டீரியாவில் இருக்கும் எஃப் பிளாஸ்மிட்டின் சிறு வடிவத்தை வைத்து ஆராய்ந்தார்கள் (பிளாஸ்மிட் என்பது குரோமோசோமுக்கு வெளியே தனியாகப் பெருகும் சிறு டி.என்.ஏ. வளையம்). பிளாஸ்மிட் கிடைக்காமல் போன சேய்ச்செல்கள் ஒழுங்காகப் பிரியாமல் இழை மாதிரி நீண்டுகொண்டு போயின. பிளாஸ்மிட் தன் பெருக்கத்தோடு செல்லின் பிரிவையும் கட்டிப்போட்டிருக்கிறது என்று அப்போது எண்ணினார்கள், அந்த மரபணு இணைக்குச் சிசிடி என்ற பெயரே அந்தப் பொருளில் வைத்ததுதான். பிறகு செல்கள் உண்மையில் சாகின்றன என்று தெரிந்ததும் அதே மூன்று எழுத்துக்கு ‘செல் சாவின் கட்டுப்பாடு’ என்று வேறு விரிவு கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு எழுத்துகள் கைகொடுத்தன. நாம் முழுச்சொல்லாக வைக்கிறோம், அதனால் இயங்குமுறையை அளவுக்கு மேல் பெயருக்குள் திணிக்காமல் இருப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

சிசிடி-பி என்பது நச்சு, 101 அமினோ அமிலம் கொண்ட சிறிய புரதம். டி.என்.ஏ. முறுக்கைச் சரிசெய்ய கைரேஸ் நொதி இரண்டு இழைகளையும் வெட்டி, மறுபடி ஒட்டும். வெட்டியபின் ஒட்டவிடாமல் இது பிடித்துக்கொள்கிறது (சிப்ரோஃபிளாக்சசின் மாத்திரை தாக்குவதும் இதே கைரேஸைத்தான்). சிசிடி-ஏ அதைப் பிடித்து வைக்கும் புரதம். ஆனால் லான் என்ற புரதச் சிதைப்பு நொதி சிசிடி-ஏவைத் தின்றுகொண்டே இருப்பதால் அதன் இருப்பு ஓட்டைப் பானையில் ஊற்றும் தண்ணீர், மேலே ஊற்றிக்கொண்டே இருந்தால்தான் மட்டம் நிற்கும். நச்சோ எளிதில் சிதையாது. பிளாஸ்மிட் கைவிட்டுப் போன சேய்ச்செல்லில் புதிய சிசிடி-ஏ வராது, பழையது கரையும், தாயிடமிருந்து வந்த நச்சு அப்படியே மிஞ்சும், அப்புறம் செல்லின் கதை முடிந்தது.

ஆக வேண்டிய சொல் ‘முறிப்பது’ அல்ல, ‘அடக்கி வைத்திருப்பது’. அதனால் என் முன்மொழிவு நச்சடக்கி.

> எதிர்நச்சு என்றால் ஆங்கில முன்னொட்டுக்கு நேராக அமையுமே?

அமையும், ஆனால் ‘எதிராகச் செயல்படும் இன்னொரு நச்சு’ என்றும் காதில் விழும். தவிர, ஆன்டிடாக்சின் வேலைசெய்யும் விதத்தை வைத்து இந்த இணைகளை வகை பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள், சிசிடி இரண்டாம் வகை. முதல் வகையில் அடக்குவது புரதமே அல்ல, ஆர்.என்.ஏ. 1986இல் கெர்டஸ் குழு ஆர்1 பிளாஸ்மிட்டில் கண்டுபிடித்த ஹாக்–சாக் இணையில், ஹாக் நச்சின் தூது ஆர்.என்.ஏ. நெடுநேரம் நிற்கும், சாக் என்ற எதிரிழை ஆர்.என்.ஏ. சீக்கிரம் அழியும். இருக்கும்வரை அது அந்தத் தூது ஆர்.என்.ஏ.விலிருந்து நச்சுப் புரதம் உருவாகாமலே தடுக்கிறது. சாக் என்ற பெயரின் விரிவே ‘கொல்லலை அடக்குதல்’ என்பதுதான், நம் அடக்கி அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. ஐந்தாம் வகையில் அடக்கி நச்சின் தூது ஆர்.என்.ஏ.வை வெட்டுகிறது, ஆறாம் வகையில் நச்சைச் சிதைப்பு நொதியிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறது. முறி என்ற சொல் இந்த இரண்டுக்கும் வேண்டுமானால் பொருந்தும், மற்றவற்றுக்குக் கட்டாயப்படுத்தியே பொருத்த வேண்டும்.

நச்சடக்கிக்கு வந்த மறுப்பில் ஒன்று நியாயமானது. மரபணு படியெடுக்கப்படுவதைத் தடுக்கும் புரதமான ரெப்ரசருக்கும் நாம் அடக்கி என்றே எழுதுகிறோம், இரண்டாம் வகை ஆன்டிடாக்சின்கள் பலவும் தம் மரபணுக்களின் முன்பகுதியிலேயே ஒட்டிக்கொண்டு உற்பத்தியைக் குறைப்பவை, எனவே ஒரே புரதத்துக்கு இரண்டு அடக்கி வேலை வந்துவிடுகிறது. வரட்டும். ‘படியெடுப்பு அடக்கி’ என்று அங்கே அடை சேர்த்தால் போதும். மாற்றாக வந்த நச்சுக்காப்பியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுவோம், மாணவர்கள் அதைத் தம்ளரில்தான் ஊற்றுவார்கள்.

அடுத்து மொத்த அமைப்புக்கு ஒரு பெயர். இதற்கு ‘அடிமையாக்கும் தொகுதி’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பெயர் ஓடுகிறது. பி1 பேஜில் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ், செல்லுக்குள் பிளாஸ்மிட்டாகவே தங்கக்கூடியது) டாக் என்ற நச்சு, பிஎச்டி என்ற ஆன்டிடாக்சின் இணையை 1993இல் விவரித்தபோது யார்மோலின்ஸ்கி குழு பரப்பிய பேச்சு அது: செல் பிளாஸ்மிட்டுக்கு அடிமைப்பட்டுவிடுகிறது, விட்டால் சாவு. (பிஎச்டி கூட இருக்கும்வரை டாக்டர் கொல்லமாட்டார். ஆய்வகத்தில் யாரோ சிரித்துக்கொண்டே வைத்த பெயர் என்பது தெரிகிறது.) இழையில் போதைத்தொகுதி, அடிமைக்கூறு என்றெல்லாம் வந்தன, எனக்கு எதுவும் ஒப்பவில்லை, பாக்டீரியாவைச் சாராயக்கடையில் உட்காரவைத்த மாதிரி இருக்கிறது.

தமிழில் இதற்கு வசதி உண்டு. நச்சுதல் என்றால் விரும்புதல், நச்சு என்றால் விஷம். குறள் 1008 இரண்டையும் ஒரே மூச்சில் ஆள்கிறது: நச்சப்படாதவன் செல்வம் நடுவூருள் நச்சுமரம் பழுத்தற்று. எனவே நச்சிணை என்று சொன்னால் நச்சு உள்ள இணை என்ற நேர்ப்பொருளும் வரும், விடமுடியாமல் பற்றிக்கொள்ளும் இணை என்ற நிழலும் விழும். இரண்டாவது யாருக்கும் தெரியாவிட்டாலும் நட்டமில்லை, சொல் முதல் பொருளிலேயே நிற்கும்.

> கடுகு மரபணுவையும் இதில் சேர்க்கலாமா?

இதற்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். மரபணு மாற்றிய கடுகில் சேர்த்திருக்கும் பார்னேஸ், பார்ஸ்டார் இரண்டும் பேசில்லஸ் அமைலோலிக்விஃபேசியன்ஸ் என்ற மண் பாக்டீரியாவின் புரதங்கள். பார்னேஸ் ஆர்.என்.ஏ.வை வெட்டும், பாக்டீரியா அதை வெளியே அனுப்பிவிடும், உள்ளே தங்கிப்போவது தன்னையே வெட்டாமலிருக்கப் பார்ஸ்டார். 1990இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் இருந்த பிளான்ட் ஜெனடிக் சிஸ்டம்ஸ் ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் பார்னேஸை மகரந்தப்பையில் மகரந்தத்துக்கு ஊட்டம் தரும் டபீட்டம் திசுவில் மட்டும் இயங்கவைத்து ஆண்மலட்டுச் செடி உண்டாக்கினார்கள். பார்ஸ்டார் உள்ள செடியோடு கலந்தால் அடுத்த தலைமுறைக்கு வளம் திரும்பும். கலப்பின விதைக்கு இது பெரிய வசதி, ஏனென்றால் கடுகு பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. டெல்லி பல்கலைக்கழகத்தில் தீபக் பென்டல் குழுவின் டிஎம்எச்-11 கடுகு இந்த இணையைக் கொண்டதுதான். அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு அதைச் சூழலில் விடலாம் என்று 2022 அக்டோபரில் பரிந்துரைத்தது, 2024 ஜூலையில் உச்ச நீதிமன்ற அமர்வு மாறுபட்ட இரு தீர்ப்புகள் சொன்னது. பார்ஸ்டாரை நச்சடக்கி என்று தாராளமாகச் சொல்லலாம். நச்சிணை என்று சொல்லமாட்டேன், அங்கே யாரும் யாரையும் விடாமல் பற்றிக்கொண்டிருக்கவில்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லவே தனிச்சொற்கள் இரண்டு தேவைப்படுகின்றன.

ஆய்வகத்தில் இருப்பவர்கள் நச்சிணையைச் சந்திப்பது வேறு இடத்தில். நகலாக்கத்தில் ஒட்டவேண்டிய டி.என்.ஏ. துண்டு ஒட்டாமல், அதைச் செல்லுக்குள் கொண்டுபோகும் பிளாஸ்மிட்டான தாங்கிக்கடத்தி வெறுமையாகவே மூடிக்கொண்டு செல்லுக்குள் போய்விடும், பிறகு நீலக் குடியேற்றம் எது, வெள்ளை எது என்று தட்டில் தேடவேண்டும். துண்டு அமரவேண்டிய இடத்தில் சிசிடி-பியை வைத்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை, துண்டு வந்தால் நச்சு வெளியேறும், வராத செல் செத்துவிடும். கேட்வே முறை இப்படித்தான். அந்தத் தாங்கிக்கடத்தியை வளர்க்க மட்டும் கைரேஸில் 462ஆம் இடம் மாறியதால் இந்த நச்சுக்கு அசையாத டிபி3.1 போன்ற தனி ஈ.கோலை வேண்டும், மறந்துபோய்ச் சாதாரண இனத்தில் போட்டால் ஒன்றும் வளராது. இதற்கு ‘நச்சுத்தெரிவு’ போதும். நச்சைக் குரோமோசோமிலும் அடக்கியைப் பிளாஸ்மிட்டிலும் பிரித்துவைத்து, ஆன்டிபயாட்டிக் ஊற்றாமலே பிளாஸ்மிட்டைக் காப்பாற்றும் முறைக்கு ‘பிணைக்காப்பு’ என்று ஒருவர் சொன்னது எனக்குப் பிடித்தது.

பிளாஸ்மிட்டில் இல்லாமல் குரோமோசோமிலேயே இருக்கும் டாக்சின்–ஆன்டிடாக்சின் இணைகள் பற்றி நீட்டவில்லை. காசநோய்க் கிருமியில் மட்டும் 80க்கு மேல் இருக்கின்றன, அவை என்ன செய்கின்றன என்பதில் ஆய்வாளர்களே ஒத்துப்போகவில்லை. ‘தற்கொலை மரபணு’ என்ற மொழிபெயர்ப்பை அங்கே ஒட்டவேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், அவற்றில் பல செல்லைக் கொல்வதில்லை, வளர்ச்சியை நிறுத்திவைக்கின்றன.

இலங்கை நண்பர்கள் செல்லுக்குக் கலம் என்று எழுதுவதால் இந்தச் சொற்களில் எதுவும் மாறாது, அது ஒரு நிம்மதி. மிச்சம் இருப்பது நான்காம் வகை. அங்கே ஆன்டிடாக்சின் நச்சைத் தொடுவதே இல்லை, நச்சு தாக்கும் இலக்கைப் போய் உறுதிப்படுத்துகிறது. அதன் விளைவு அடங்குகிறதே என்று நான் நச்சடக்கியை அங்கும் நீட்டுகிறேன், ஒப்பாதவர்கள் மாற்றுச் சொல்லோடு வாருங்கள், விக்சனரியில் ஏற்றுவதை அதுவரை நிறுத்திவைக்கலாம்.