ஆத்தங்குடி கல் பற்றி எழுதினால் யாரும் படிப்பதில்லை. கதை மாதிரி எழுதுவது எப்படி?

பூக்கல் வீட்டு மருமகள்:
வணக்கம். ஆத்தங்குடியில் பூக்கல், அதாவது பூப்போட்ட தரை டைல்ஸ், போடுகிறோம். மாமனார் தொடங்கிய பட்டறை; அதைப் பற்றி இணையத்தில் எழுதுவது என் பொறுப்பு. படத்துக்கு லைக் வருகிறது, எழுத்தை ஒருவரும் படிப்பதில்லை. விலையை எழுதியிருக்கும் பதிவின் கீழேயே வந்து விலை கேட்கிறார்கள்! நான் எழுதுவது இப்படி:

"செட்டிநாட்டின் பாரம்பரியப் பெருமைகளுள் ஒன்றான ஆத்தங்குடி டைல்ஸ், உள்ளூர் மணல், சிமெண்ட், நிறப்பொடி கொண்டு கையால் செய்யப்படுகிறது. முதலில் கண்ணாடியின் மேல் அச்சை வைத்து நிறக்கலவை ஊற்றப்படும். பிறகு..."

தகவலில் பிழை கிடையாது. ஆனால் எனக்கே தூக்கம் வருகிறது. கதையாக எழுது என்கிறாள் மகள். சிமெண்டில் என்ன கதை? நாயகன் யார், வில்லன் யார்?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தேவகோட்டை:
வில்லன் இல்லாமலும் கதை நடக்கும் அம்மா. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் நாடகக் கதையின் போக்கை ஐந்தாகப் பிரிப்பார்: முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். ஐந்துக்கும் வயலைத்தான் காட்டுவார். உழுத மண்ணில் விதை முளைப்பது முகம். இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். கதிர் வெளியே தெரியாமல் உள்ளே பொதிந்து நிற்பது கருப்பம். அது வெளிவந்து முற்றுவது விளைவு. அறுத்து, போரடித்து, தூற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய் உண்டு மகிழ்வது துய்த்தல். 1863-இல் குஸ்தாவ் ஃப்ரைடாக் என்ற ஜெர்மானியரும் நாடகத்தை ஐந்தாகவே பிரித்தார். அவர் உச்சத்தை நடுவில் வைத்து, அங்கிருந்து இறக்கி, வீழ்ச்சியில் முடிப்பார். துன்பியலுக்கு அது சரி. கல் விற்கிறவருக்கு நம்மவர் கணக்குத்தான் தோது.

உங்கள் பதிவில் கருப்பம் இல்லை. எல்லாம் முதல் வரியிலேயே வெளியே கிடக்கிறது. இத்தனைக்கும் உங்கள் தொழிலிலேயே ஒளிவு இருக்கிறது. பூ கண்ணாடியைப் பார்த்துக் கவிழ்ந்து கிடக்க, அதன் முதுகில் உலர்கலவை தூவி, ஈரக்கலவையை அப்பி, தண்ணீரில் ஊறப்போடுகிறீர்கள். சூளையும் கிடையாது. கண்ணாடி விலகும்போதுதான் பூ தெரிகிறது. வாசகரை அதுவரை காத்திருக்க வையுங்கள்.

மெஸ்காரன், காரைக்குடி:
ஐயா சொன்னது சரிதான், ஆனால் எல்லாவற்றையும் கதையாக்கக் கூடாது. வீடு கட்டுகிறவனுக்கு வேண்டியது அளவு, விலை, லாரி வாடகை. அதைத் தனிப் பதிவாகப் போட்டு எல்லாவற்றுக்கும் மேலே நிறுத்துங்கள். அங்கே போய் "அது ஒரு மழைக்காலம்" என்று ஆரம்பித்தால் அடிக்க வருவான்.

கதைப் பதிவில் "பாரம்பரியம்" வேண்டாம். இந்தப் பக்கம் ஊறுகாய்ப் பாட்டிலில்கூட அதை ஒட்டிவிட்டார்கள். "டைல்ஸ்" என்று பொதுவாகச் சொல்லாமல் ஒரு கல்லைப் பற்றி எழுதுங்கள், அக்கா. பழைய வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) நாலு கல் உடைந்து, அதே பூ கேட்டு வருவார்களே? அச்சு உங்களிடம் இருக்குமா, இருக்காதா? அங்கே தொடங்கலாம்.

பூக்கல் வீட்டு மருமகள்:
அப்படி ஒருவர் வந்திருந்தார். எழுதிப் பார்த்தேன்:

"கானாடுகாத்தானிலிருந்து ஒருவர் உடைந்த கல்லைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். 'இந்தப் பூ உங்ககிட்ட இருக்கா?' வளவில் தூணோரம் சில கல் போய்விட்டதாம். இங்கே ஏற்கெனவே சில பட்டறையில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மாமனார் கல்லைத் தொட்டியில் முக்கி எடுத்தார். நனைந்த பிறகுதான் பச்சை கண்ணுக்குத் தெரிந்தது. அந்தப் பூவுக்கு அச்சு எங்களிடமும் இல்லை. 'ஓரத்தை அச்சில் போட்டு, நடுப்பூவைக் கையில ஊத்திப் பார்க்கிறேன்' என்றார். அந்தப் பச்சைக்கு என்னென்ன பொடி கலந்தார் என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை. கல் இப்போது தண்ணீரில் கிடக்கிறது."

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தேவகோட்டை:
இப்போது கருப்பம் இருக்கிறது. பிற பட்டறைகள் பற்றிய வரியை எடுத்துவிடுங்கள், வீண் வம்பு. துய்த்தலை விட்டுவிடாதீர்கள். கல்லைப் பதித்த பிறகு அந்த வீட்டுக்கே போய், பழைய கல்லும் புதிய கல்லும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரு படம் எடுங்கள்.

மெஸ்காரன், காரைக்குடி:
"இந்தப் பூ உங்ககிட்ட இருக்கா?" என்பதையே முதல் வரியாக வையுங்கள், துண்டு அப்புறம் வரட்டும். சரி, பச்சை ஒத்துவந்ததா இல்லையா?