கௌபாய் துப்பாக்கிப் போட்டி: 50 தோட்டாக்களை நிரப்பிவிட்டேன், இப்போது தொடவே பயமாக இருக்கிறது

புதிதாக வந்தவன் (டெக்சஸ்)

வணக்கம். இங்கே குடிவந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. அலுவலகத்தில் ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஒருவர், மாதம் ஒருமுறை பழங்கால கௌபாய் உடையில் நடக்கும் துப்பாக்கிப் போட்டிக்குப் போகிறார். ஒருநாள் வேடிக்கை பார்க்க அழைத்தார். இரும்புத் தகட்டில் குண்டு பட்டு எழுந்த அந்த ஓசை இன்னும் காதை விட்டுப் போகவில்லை. 'அடுத்த போட்டியில் நீயும் சுடு, துப்பாக்கிகளை நான் தருகிறேன். தோட்டாவை மட்டும் நீயே நிரப்பிப் பழகு' என்று தோட்டா நிரப்பும் தம் பழைய பிரஸ், ஒரு வாளி காலிக் கூடுகள், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், ஈயக்குண்டு, ஒரு டப்பா வெடிமருந்து எல்லாம் கொடுத்துவிட்டார்.

நேற்றிரவு .38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டா 50 நிரப்பினேன். நடுவில் ஊரிலிருந்து அம்மா அழைத்தார். பேசிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். ஆனால் விட்ட இடம் எது? எந்தக் கூட்டில் மருந்து இரண்டு முறை விழுந்தது, எதில் விழவே இல்லை என்று தெரியவில்லை. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. போட்டிக்கு இரண்டு சனிக்கிழமைகளே உள்ளன. மனைவி பேசுவதில்லை. மூன்று வயது மகள் இருக்கிறாள். 50ஐயும் குப்பையில் போட்டுவிடலாமா? அப்படியே .38 தோட்டாவா, அதைவிடப் பெரிய .45ஆ, எந்த பூட்ஸ், எந்தத் தொப்பி என்றும் சொல்லுங்கள்.

டெட்ராய்ட் பழையவர்

பூட்ஸ் என்றதும் எனக்கு 2009 ஜனவரி நினைவுக்கு வந்துவிட்டது, தம்பி. சென்னையிலிருந்து கான்வாஸ் காலணியோடு வந்து இறங்கினேன். கார் இல்லை, ஓட்டுநர் உரிமம் இல்லை. பனியில் ஒன்றரை மைல் நடந்து போய்ப் பால் வாங்கினேன். ஐந்தாம் மாதத்தில் எங்களுக்கெல்லாம் பொழுதுபோக்கு என்றால் துணி துவைக்கும் இயந்திரம் சுற்றுவதைப் பார்ப்பதுதான். முதலில் கடன் மதிப்பெண்ணை ஏற்றுங்கள். துப்பாக்கி எங்கும் ஓடிவிடாது.

நாற்பத்தைந்தின் பக்தன்

அவர் கேட்டதற்கு யாராவது பதில் சொல்லுங்களேன். .45 கோல்ட்தான் நண்பரே. 1873இல் கோல்ட் ரிவால்வரோடு பிறந்த தோட்டா. இந்த விளையாட்டுக்கு மொத்தம் நான்கு துப்பாக்கிகள் வேண்டும்: ஒவ்வொரு முறையும் சுத்தியை விரலால் இழுத்துச் சுடும் ஒற்றைச் செயல் ரிவால்வர் இரண்டு, ரிவால்வர் தோட்டாவையே சுடும் லீவர் ரைபிள் (கைப்பிடி நெம்பை அசைத்துத் தோட்டா ஏற்றுவது) ஒன்று, இரட்டைக்குழலோ 1897 மாதிரி பம்ப் வகையோ ஒரு ஷாட்கன். ரிவால்வரும் ரைபிளும் ஒரே தோட்டாவாக இருந்தால் நிரப்பும் வேலை பாதி. .38ஐச் சுடுவது மோரில் தண்ணீர் ஊற்றிக் குடிப்பது போல.

மலிவே மகிழ்ச்சி (அரிசோனா)

இவர் பேச்சைக் கேட்டு நானும் .45இல் தொடங்கினேன். ஈயம் கூடுதல், செலவு கூடுதல், உதை கூடுதல். எட்டு மாதத்தில் விற்றுவிட்டேன். போட்டியில் முன்வரிசையில் நிற்பவர்களின் இடுப்பைப் பாருங்கள், பெரும்பாலும் .38தான் இருக்கும். இலக்குகள் பத்தடி தூரத்தில் கூட நிற்கும் விளையாட்டில் பலம் எதற்கு? ரிவால்வர் குண்டு நொடிக்கு 1000 அடி வேகத்தைத் தாண்டக் கூடாது என்பதுதான் விதியே. பெரிய .45 கூட்டுக்குள் சிட்டிகை மருந்தைப் போட்டால் அடியில் எங்கோ கிடக்கும், இரண்டு முறை போட்டாலும் வெளியே தெரியாது.

நாற்பத்தைந்தின் பக்தன்

.38 கூட்டிலும் தெரியாது. கேள்வி கேட்டவரின் நிலையைப் பாருங்கள்.

சிவகாசிக்காரன்

மருந்துவாடையோடு வளர்ந்தவன் என்பதால் சொல்கிறேன். குப்பையில் போடவே கூடாது. குப்பை லாரி எல்லாவற்றையும் நசுக்கும். எடை போட்டுக் கண்டுபிடிப்பதும் நடக்காது. மருந்தை அளக்கும் அலகு கிரெய்ன், ஒரு கிராமுக்கு 15.4. உள்ளே இருக்கும் மருந்தே சில கிரெய்ன்தான். வாளியில் கலந்து கிடந்த கூடுகள் ஒன்றுக்கொன்று அந்த அளவுக்கு வேறுபடும். இரண்டு மடங்கு மருந்து விழுந்த தோட்டா ரிவால்வரைப் பிளக்கும். மருந்தே இல்லாதது இன்னும் நயவஞ்சகமானது. பிரைமரின் வலுவில் குண்டு பாதிக் குழல்வரை போய்ச் சிக்கிக்கொள்ளும். சத்தம் சற்று மந்தமாக இருக்கும், கடிகாரம் ஓடும் அவசரத்தில் கவனிக்க மாட்டீர்கள். அடுத்த குண்டு அதன் முதுகில் மோதும்.

ஐம்பதையும் பிரிப்பதுதான் வழி. அதற்கென்று பிளாஸ்டிக் சுத்தியல் ஒன்று விற்கிறது. தோட்டாவை அதன் தலைக்குள் வைத்துக் கெட்டித் தரையில் தட்டினால் குண்டும் மருந்தும் தனியே கழன்று வரும். இனிமேல் துளையிட்ட பலகையில் 50 கூடுகளையும் நிறுத்தி, எல்லாவற்றிலும் மருந்து போட்டபின் டார்ச் அடித்து ஒவ்வொன்றாக உள்ளே பாருங்கள். குண்டை அதன் பிறகே வையுங்கள். ரைபிளில் தோட்டாக்களை அடுக்கும் மேகசின் ஒரு நீளக் குழாய். அதில் ஒரு தோட்டாவின் மூக்கு அடுத்ததன் பிரைமரில் இடித்து நிற்கும். கூர்மூக்கு இடித்தால் வெடிக்கலாம், ஆகவே தட்டை மூக்குக் குண்டு மட்டுமே.

மேரிலாந்து அக்கா

எல்லோரும் குழல் பிளப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது என்று எழுதியிருக்கிறாரே! சுட்ட கூட்டைக் குலுக்கிச் சுத்தம் செய்யும்போது பறக்கும் தூசியில் ஈயம் உண்டு, பிரைமர் கரியில் உண்டு, குண்டு முழுக்கவே ஈயம். குழந்தை தரையில் விளையாடிக் கையை வாயில் வைக்கும். தோட்டா வைத்த தராசில் இனி மாவு நிறுக்காதீர்கள் தம்பி, அதை அப்புறப்படுத்துங்கள். மனைவி பேசாமல் இருப்பதோடு நிறுத்திக்கொண்டது அவருடைய பெருந்தன்மை.

மலிவே மகிழ்ச்சி (அரிசோனா)

நியாயம்தான் அக்கா. ஆனால் கடைத் தோட்டா விலையைப் பார்த்தால் நிரப்பாமல் என்ன செய்வது? 2020, 21இல் பிரைமர் ஒரு பெட்டிக்கு மூன்று கடை ஏறி இறங்கினேன். விலை ஏறியது, பிறகு ஏறிய இடத்திலேயே குடியிருந்துவிட்டது.

டெட்ராய்ட் பழையவர்

இங்கே எதுதான் இறங்கியது? வாடகையா, காப்பீடா? கிரீன் கார்டு வரிசையாவது நகர்ந்ததா? நாட்டுக்கு ஏழு சதவீதம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நமக்கும் அதே ஏழு, கைவிரல் எண்ணும் மக்கள்தொகை உள்ள தீவுக்கும் அதே ஏழு. நான் விண்ணப்பித்தபோது பிறந்த மகன் இப்போது எனக்கு மேல் வளர்ந்துவிட்டான், நான் இன்னும் எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில்தான் இருக்கிறேன்.

கோப்பு தேய்ப்பவன் (நியூ ஜெர்சி)

ஒரு நிமிடம். கேள்வி கேட்ட தம்பி, ஐந்து மாதம் முன்பு வந்ததாகச் சொன்னீர்கள். எந்த விசாவில்?

புதிதாக வந்தவன் (டெக்சஸ்)

எச்-1பி. அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

கோப்பு தேய்ப்பவன் (நியூ ஜெர்சி)

எல்லாத் தொடர்பும் அதில்தான். குடியேற்றம் அல்லாத விசாவில் நுழைந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். எச்-1பி, மாணவர் விசா, எச்-1பி குடும்பத்தினருக்கான எச்-4 எல்லாம் இதில் சேரும். 2022 ஜூன் முதல் தண்டனை 15 ஆண்டுகள் வரை. ஆயுதக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்தலும் பின்னாலேயே வரும். தோட்டா என்று அந்தச் சட்டம் சொல்வதில் காலிக் கூடு, பிரைமர், குண்டு, மருந்து தனித்தனியே அடங்கும். உங்கள் வாளியே தோட்டாதான். பிரஸ் வெறும் இரும்பு, அது குற்றமில்லை. போட்டி நாளில் அவருடைய ரிவால்வரைக் கையில் வாங்குவதும் அதே குற்றம்தான், ஐந்து நிமிடமானாலும். உங்கள் நிலை தெரிந்தே கொடுத்தால் அவரும் மாட்டுவார்.

விதிவிலக்கு உண்டு. ஏதேனும் ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் இந்தத் தடை பொருந்தாது. டெக்சஸ் வேட்டை உரிமம் ஆகஸ்ட் 31உடன் முடிந்துவிடும். புதுப்பிக்க மறந்தால் செப்டம்பர் 1 காலையில் நீங்கள் மறுபடி குற்றவாளி. ஆனால் இன்று வாங்கும் உரிமம் நேற்றைய இரவுக்குப் பொருந்தாது. ஆகவே சுத்தியல் வாங்கவும் வேண்டாம், ஒன்றையும் பிரிக்கவும் வேண்டாம். முதலில் ஒரு குடியேற்ற வழக்கறிஞரை அழைத்து, பொருள்களை அந்தச் சக ஊழியரே வந்து எடுத்துப் போவது பற்றிக் கேளுங்கள். எத்தனை நாளாக எதை வைத்திருந்தீர்கள் என்று இங்கே இனி ஒரு வரியும் எழுதாதீர்கள்.

சிவகாசிக்காரன்

என் பதிலில் பிரிக்கச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். விசா என்ற கோணமே எனக்குத் தோன்றவில்லை. இன்னொன்று: போட்டிக்குக் கொண்டுபோகும் பையை ஊருக்குப் போகும்போது எடுக்காதீர்கள். மடிப்பில் ஒற்றைத் தோட்டா தங்கியிருந்தாலும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி நம் விமான நிலையத்தில் வழக்குதான்.

புதிதாக வந்தவன் (டெக்சஸ்)

கை நடுங்கிவிட்டது. நேற்று மதியம் வழக்கறிஞரிடம் தொலைபேசியில் பேசினேன், மாலையில் அந்தச் சக ஊழியர் வந்து அனைத்தையும் எடுத்துச் சென்றார். அந்த 50ஐப் பற்றிச் சொன்னதும் தாமே பிரித்துவிடுவதாகச் சொன்னார். சட்டம் இப்படி என்று அவருக்கும் தெரியவில்லை, முகம் வெளுத்துவிட்டது. வியாழக்கிழமை நேரில் சந்திப்பு. தராசு குப்பைக்குப் போயிற்று, மனைவி இரண்டு வாக்கியம் பேசினார். இரண்டும் திட்டுதான்.

போட்டிக்குப் பார்வையாளனாகப் போகிறேன். இலக்குத் தகடுகளுக்கு வண்ணம் பூச ஆள் வேண்டுமாம். பேஸ்பால் தொப்பியும் ஓட்டக் காலணியும் போட்டியாளர்களுக்குத்தான் தடை என்றார்கள். ஆனால் பூட்ஸை ஏற்கெனவே வாங்கிவிட்டேன். அரை அளவு பெரிது, கடையில் திரும்ப எடுக்க மாட்டார்களாம்.

டெட்ராய்ட் பழையவர்

தடித்த காலுறை இரண்டு போடுங்கள் தம்பி. இது அனுபவம்.