கப்பலில் சுடப்பட்ட ஜேம்ஸ் கேரி: திட்டமா, தற்செயலா?

வணக்கம். எங்கள் நாடகக் குழுவுக்கு எழுதும் நாடகம் கடைசிக் காட்சியில் வந்து நிற்கிறது.

விஷயம் இதுதான். 1882 மே 6, டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்கா. அயர்லாந்தை ஆண்ட பிரிட்டிஷ் அரசின் கேவண்டிஷ், பர்க் என்ற இரண்டு உயர் அதிகாரிகளை ‘இன்வின்சிபிள்ஸ்’ என்ற ஐரிஷ் ரகசியக் குழு கத்தியால் குத்திக் கொன்றது. குழுவில் முக்கியப் புள்ளியான கேரியே அப்ரூவராக மாறினார். அவர் சாட்சியால் 1883இல் குழுவினர் ஐந்து பேர் தூக்கில் தொங்கினார்கள். பழிவாங்கலிலிருந்து காக்க, கேரியை ‘பவர்’ என்ற பெயரில் குடும்பத்தோடு தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேற்றினார்கள். அதே கப்பலில் அயர்லாந்தின் டொனெகல் பகுதிக்காரர் பேட்ரிக் ஓடானல். இருவரும் நன்றாகவே பழகினார்கள் (எனக்குக் கிடைத்த அருமையான காட்சி!). கேப் டவுனில் மெல்ரோஸ் கப்பலுக்கு மாறினார்கள். ஜூலை 29, போர்ட் எலிசபெத் அருகே கேரியை ஓடானல் சுட்டுக் கொன்றார். டிசம்பர் 17 அன்று லண்டனில் ஓடானலுக்குத் தூக்கு.

ஓடானலை விசாரித்த லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தின் பதிவைப் படித்தேன். தற்காப்புக்காகச் சுட்டதாகத்தான் வாதம். அவர் திட்டத்தோடு வந்தாரா என்று இரண்டு வரலாற்று ஆசிரியர்களிடம் கேட்டேன், ஆளுக்கொரு பதில். அப்புறம் பழைய செய்தித்தாள்கள். அவற்றில் வதந்திதான் அதிகம்.

ஓடானலை யாரோ திட்டமிட்டு அனுப்பினார்கள் என்பதற்கு அக்கால ஆவணம் எதையாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?