இயக்கத்தில் இருந்தவரின் மனைவிக்கு மாடி ரூமை விடலாமா?

கொலுசுப்பட்டறை, சிவதாபுரம்
வணக்கம். சிவதாபுரத்தில் சின்னதாக வெள்ளிப் பட்டறை வைத்திருக்கிறேன். இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து ஒரு அக்கா 6 வருஷமாக எங்களுக்குக் கூலிக்குக் கொலுசு செய்து தருகிறார். முகாம் வீட்டில் இடம் பத்தவில்லை. பற்றவைக்கிற டார்ச்சும் கேஸும் பிள்ளைகள் படுக்கிற இடத்திலேயே கிடக்கிறது. இன்னும் 3 பெண்களோடு உட்கார்ந்து வேலை பார்க்க என் மாடி ரூமைக் கேட்டார். சரி என்றேன். மறுநாளே தெருவில் நாலு பேர் வந்துவிட்டார்கள். "அந்தம்மா வீட்டுக்காரர் புலியாம். நாளைக்குக் கியூ பிராஞ்ச் உளவுப் போலீஸ் வந்து நின்னா யாருக்குக் கெட்ட பேரு?" என்கிறார்கள்.

கணவர் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்தது உண்மை. வேலைக்கு வந்த முதல் வாரமே அக்கா சொல்லிவிட்டார். 2006ல் இவர் இரண்டு பிள்ளைகளோடு படகேறி மண்டபம் வந்து, அங்கிருந்து இங்கே அனுப்பப்பட்டார். கணவர் இலங்கையில் வன்னியிலேயே நின்றுவிட்டார். 2009 மே மாதம் போர் முடிந்த பிறகு எந்தத் தகவலும் இல்லை. வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டிக்காரன்
அந்த நாலு பேரில் நான் இல்லை, ஆனால் என் கருத்தும் அதுதான். என் மாமா காஞ்சிபுரம் பக்கம் போலீஸில் இருந்தவர். 1991 மே 21 அன்று, ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஸ்ரீபெரும்புதூர் கூட்டத்துக்குப் பந்தோபஸ்துக்குப் போகவேண்டியவர், காய்ச்சலில் படுத்ததால் தப்பினார். கூட இருந்தவர் போனார், திரும்பவில்லை. அந்தக் காவலர்கள் வீட்டுப் பெண்களும் தாலி கட்டியவர்கள்தான். அவர்களைப் பற்றி இங்கே ஒரு திரி கூட நான் பார்த்ததில்லை. 1992லிருந்து தடை செய்யப்பட்ட இயக்கம் அது. கணவன் என்ன செய்கிறான் என்று மனைவிக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துதானே கழுத்தை நீட்டினார்?

அடிவாரம் வக்கீல்
அண்ணா, நீங்கள் சொன்னது எனக்கும் வலிக்கிறது. ஆனால் சட்டத்தையும் பார்த்துவிடுவோம். தீவிரவாதிக்கு அடைக்கலம் கொடுத்தால் தண்டனை என்று சொல்கிற உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்பு) சட்டத்தின் 19ஆம் பிரிவிலேயே, ஒளித்து வைத்தவர் கணவனோ மனைவியோ ஆனால் இந்தப் பிரிவு பொருந்தாது என்று எழுதியிருக்கிறது. அவ்வளவு கடுமையான சட்டமே தாம்பத்தியத்தின் முன்னால் ஒரு அடி பின்வாங்குகிறது. இந்த அக்கா யாரையும் ஒளித்துக்கூட வைக்கவில்லை. அவர் கேட்பது கொலுசு செய்ய ஒரு ரூம்.

அஸ்தம்பட்டிக்காரன்
அப்படியானால் ராஜீவ் கொலை வழக்கு நளினி? அவரும் ஒரு புலியின் மனைவிதானே? 31 வருஷம் உள்ளே இருக்கவில்லையா?

அடிவாரம் வக்கீல்
முருகனின் மனைவி என்பதற்காக அவரை உள்ளே வைக்கவில்லை. சதியில் அவருக்கே பங்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1999ல் சொன்னது, அதற்குத்தான் தண்டனை. என் வாதமும் அதேதான். அந்தப் பெண் என்ன செய்தார் என்று கேளுங்கள். யாரைக் கட்டினார் என்று கேட்காதீர்கள்.

கொளத்தூர் பெரியவர்
மேட்டூர் அணைக்கு அந்தப் பக்கம் எங்க ஊரு. 1984, 85ல பொன்னம்மான் தலைமையில புலிப் பசங்க இங்கதான் பயிற்சி எடுத்தாங்க. கும்பாரப்பட்டி பக்கம் அந்த இடத்துக்குப் புலியூர்னே பேராயிடுச்சு. சோளச்சோறும் கொள்ளு ரசமும் எங்க வீட்டுப் பொம்பளைங்க ஆக்கிப் போட்டாங்க. பயிற்சிக்கு அரசாங்கமே துணை நின்ன காலம் அது. அன்னைக்கு அந்தப் பசங்களுக்குச் சோறு போட்டதுக்கு யாரும் எங்களைக் குத்தம் சொல்லலை. இன்னைக்கு அவங்கள்ல ஒருத்தன் பொண்டாட்டி காசு கொடுத்து ரூம் கேட்டா ஆகாதா தம்பி?

அஸ்தம்பட்டிக்காரன்
பெரியவரே, மரியாதையோடு சொல்கிறேன். 1985 வேறு, அதற்குப் பிறகு வேறு. 1986ல் டெலோ என்ற இன்னொரு போராளிக் குழுவின் பையன்களைச் சுட்டார்கள், அவர்களும் தமிழர்கள். 1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் கிளம்பச் சொன்னார்கள். அன்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்த பெண்களும் பெண்கள்தான். போராளி குடும்பம் என்றால் அங்கே தனி மரியாதை இருந்தது. மரியாதையை வாங்கிக்கொண்டவர்கள் பழியில் மட்டும் பங்கில்லை என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

முகாம் பிள்ளை
நான் ஆத்தூர் பக்கத்து முகாமில் வளர்ந்தவள். அண்ணா, நீங்கள் சொன்ன 1990 கதை முழுக்க உண்மை. அதே வருஷம் வீட்டுக்கு ரெண்டு பவுன் என்று இயக்கம் கேட்டபோது எங்கள் அம்மம்மா சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார். கொடுத்தவர்களும் அதே சனம்தான். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

விரும்பிக் கட்டினவர்கள் உண்டு, மறைக்கவில்லை. தாங்களே ஆயுதம் தூக்கிய பெண்களும் உண்டு. முதலில் இயக்கத்தில் காதலுக்கும் கல்யாணத்துக்கும் இடமே இல்லை. 1984 அக்டோபரில் திருப்போரூரில் தலைவர் பிரபாகரன் கல்யாணம் நடந்த பிறகுதான் மற்றவர்களுக்கும் வழி பிறந்தது, அதற்கும் இயக்கத்தின் அனுமதி வேணும். ஆனால் கடைசி வருஷங்களில் நடந்த கல்யாணங்கள் வேறு மாதிரி. என் பெரியம்மா சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: "வீட்டுக்கு ஒராளைப் பிடிச்சுக்கொண்டு போகேக்கை, கலியாணம் எழுதினா விடுவினம் எண்டு அம்மா அவசரமா எழுதி வச்சவ. எனக்கு 18, அவருக்கு 20. பிறகு கட்டினாக்களையும் பிடிச்சவை." பிடித்துக்கொண்டு போனது 2008ல். பெரியப்பா துவக்குத் தூக்கியது 9 மாதம். ஆனாலும் எல்லாப் படிவத்திலும் பெரியம்மா "புலி மனைவி". போருக்குப் பிறகு சனத்தை அடைத்து வைத்த மெனிக் பாம் முகாமில் ஆமிக்காரனும் அப்படித்தான் கேட்டான், இங்கே வந்தபோது விசாரணையிலும் அப்படித்தான்.

2009 மே 18 அன்று வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு பெரியப்பாவைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அதோடு சரி. இன்றைக்கும் பெரியம்மா பொட்டு வைக்கிறார். முகாமில் கல்யாணம் நடந்தால் ஆரத்தி எடுக்க மூன்று பேரைக் கூப்பிடுவார்கள். அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவார். கூப்பிட்டால் ஒரு சங்கடம், கூப்பிடாமல் விட்டால் இன்னொரு சங்கடம். சின்ன வயசில் எனக்கு இது புரியவில்லை, வேலை செய்ய ஆசைப்படுகிறார் என்று நினைத்தேன்.

அஸ்தம்பட்டிக்காரன்
தங்கச்சி, பிடித்துக்கொண்டு போனவர்கள் கதை எனக்குத் தெரியாது. அது பாவம்தான். ஆனால் பட்டறைக்காரர் சொல்கிற பெண்ணின் கணவர் அப்படிப் போனவரா, விரும்பிப் போனவரா?

கொலுசுப்பட்டறை, சிவதாபுரம்
விரும்பித்தான் போனார். 17 வயதில். அக்கா அதையும் மறைக்கவில்லை.

அஸ்தம்பட்டிக்காரன்
அப்படியானால் என் கேள்வி அப்படியே நிற்கிறது.

அடிவாரம் வக்கீல்
நிற்கட்டும் அண்ணா. ஆனால் அந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது? அவர் இல்லை. இருக்கிறாரா செத்தாரா என்றுகூட யாரும் சொல்லவில்லை. புலிகளின் அரசியல் பிரிவில் இருந்த எழிலனின் மனைவி அனந்தி சசிதரன் தன் கண் முன்னால் கணவர் ராணுவத்திடம் சரணடைந்ததாகச் சொல்லி அங்கே கோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்டார். 2013ல் வடக்கு மாகாண சபைக்கு 87,000க்கும் மேல் ஓட்டு வாங்கி ஜெயித்தார். அவருக்கே பதில் கிடைக்கவில்லை. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் அம்மாக்களும் மனைவிகளும் ரோட்டோரம் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். அவன் செய்தது சரி என்று சொல்ல அவர்கள் உட்காரவில்லை. எங்கே என்று கேட்டுத்தான் உட்கார்ந்தார்கள். இங்கே கொலுசு பற்றவைக்கிற பெண்ணிடம் அவனுக்கான கணக்கைக் கேட்டால் அவர் எதை எடுத்துக் கொடுப்பார்?

கொளத்தூர் பெரியவர்
கூலி வேலைக்குத் தெருவுக்குள்ள வந்தப்ப 6 வருஷமா வராத கெட்ட பேரு, வாடகை கொடுத்து மாடி ஏறும்போது மட்டும் எப்படி வரும்? அதை அந்த நாலு பேர்கிட்ட யாராவது கேளுங்கப்பா.

அஸ்தம்பட்டிக்காரன்
பெரியவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. மாமா கூட இருந்தவர் வீட்டுக்கு நான் இன்றும் வருஷா வருஷம் போய் வருகிறேன், அந்தச் சித்தி முகத்தைப் பார்த்தவன் நான். எனக்கு இதில் சம்மதம் கிடையாது. ஆனால் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கலாம் என்று யாராவது வந்தால் என் கையெழுத்து அதில் இருக்காது.

கொலுசுப்பட்டறை, சிவதாபுரம்
எல்லாருக்கும் நன்றி. ரூமைக் கொடுத்துவிட்டேன். இரண்டு பேர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

நேற்று வாடகைப் பத்திரம் எழுதினோம். எழுதுகிறவர் அக்கா பெயருக்குப் பக்கத்தில் க/பெ போட்டு, கதையைக் கேட்டவர் என்பதால் தானாகவே "லேட்" என்று எழுதிவிட்டார். அக்கா படித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பேனாவை வாங்கி அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்தார். அடித்த இடத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடவேண்டும் என்றார் எழுதுகிறவர். போட்டோம். இன்று காலை டார்ச்சையும் பலகையையும் மாடிக்கு ஏற்றியாயிற்று.