அலமாரிக் கதவில் ஆட்டோ கீல்: யாருக்கு என்ன நடந்தது?

மரத்தூள்:
18 மி.மீ. பிளைவுட் கதவு, மூடினால் வெளியே தெரியாத அந்தக் கீலின் கிண்ணம் உட்கார 35 மி.மீ. குழி, மீதி உங்களுக்கே தெரியும். மூன்று குழி அழகாக விழுந்தது. நான்காவதில் டிரில் பிட் திடீரென்று இலேசாகிவிட்டது. வயிறு கலங்கியது. கதவைப் புரட்டினால், இரண்டு நாள் தேய்த்து மெருகேற்றிய முகப்பில் கடுகளவு புடைப்பு. அதன் நடுவே பிட்டின் கூர்முனை எட்டிப் பார்க்கிறது. ஆழம் தெரிவதற்காகத் தண்டில் சுற்றிய நாடா சூட்டில் மேலே வழுக்கியிருக்கிறது. மக்கு வைத்துச் சாயம் பூசினேன். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கதவைத் தொடும்போதெல்லாம் என் விரல் மட்டும் நேரே அந்த இடத்துக்குப் போகிறது.

கோணல்கோடு:
என் குழிகளில் குறையே இல்லை, கீல்தான் தவறு. நடுப்பலகை ஒன்று, அதன் இருபுறமும் கதவு. கதவு பலகையின் விளிம்பை முழுதாக மூடும்படி நிறுத்தும் கீலையே இரண்டுக்கும் வாங்கிவிட்டேன். இடக்கதவைச் சாத்தினேன், அருமை. வலக்கதவைச் சாத்தினேன், 'டக்' என்று இடக்கதவின் விளிம்பில் இடித்து நின்றது. 18 மி.மீ. தடிமனில் ஆளுக்கு 16 மி.மீ. கேட்டால் எங்கே போவது? கை வளைந்த, பாதி மூடும் கீல் என்று ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

பழைய உளி:
மரத்தூள், நாடாவை நம்பியதுதான் தவறு, சூட்டின் மேல் பழி போடாதீர்கள். தண்டில் திருகி இறுக்கும் வளையம் போட வேண்டும், அல்லது ஸ்டாண்டில் டிரில்லைப் பூட்டி ஆழத்தை நிறுத்த வேண்டும். அப்போதும் முதல் குழி கழிவுத் துண்டில்தான். கிண்ணத்துக்கு 12, 13 மி.மீ. ஆழம் போதும். விளிம்புக்கும் குழிக்கும் 5 மி.மீ. விட்டால் குழியின் மையம் விளிம்பிலிருந்து 22.5 மி.மீ. உள்ளே வரும், இதைக் கோடாகப் போடாமல் ஆணியால் குத்திக் குறியுங்கள், முனை நழுவாது. கீலின் கையைத் தாங்க அலமாரியின் பக்கப்பலகையில் பூட்டும் தகட்டின் திருகு வரிசை, அந்தப் பலகையின் முன்விளிம்பிலிருந்து 37 மி.மீ. கோணல்கோடு, கடைக்குப் போகுமுன் ஒரு காகிதத்தில் மேல்பார்வை வரைந்திருந்தால் அந்த 'டக்' கேட்டிருக்காது. எனக்கு நடந்தது? துகள்பலகையில் ஒரு திருகை அதிகம் முறுக்கி, அது சும்மா சுற்ற ஆரம்பித்தது. அவ்வளவுதான்.

மரத்தூள்:
வளையம் என்னிடமும் இருக்கிறது ஐயா. பெட்டியிலேயே இருந்தது, அதைத்தான் சொல்ல வெட்கப்பட்டேன்.

தூக்கக்கலக்கம்:
உயரமான கதவு, உள்பக்கம் ஆளுயரக் கண்ணாடி, கீல் இரண்டே இரண்டு. மூன்று நான்கு போட வேண்டிய கதவு என்று தெரிந்தும், குழி தோண்டச் சோம்பல். கீழ்விளிம்பு தரையைத் தேய்த்தபோதெல்லாம் கீலின் திருகைத் திருப்பிக் கதவைத் தூக்கினேன். ஒரு விடியற்காலை 'கிரீச்' என்று நீளமாக ஒரு சத்தம். மேல்கீல் திருகுகளோடு மரத்தையும் பிய்த்துக்கொண்டு வந்திருந்தது. கதவு கீழ்க்கீலில் சாய்ந்து நிற்க, கண்ணாடியில் நானும் சாய்வாக, பல் துலக்கும் பிரஷ்ஷோடு. அதைப் பிடித்தபடியே இருபது நிமிடம், வீட்டில் யாராவது எழுந்து வரும்வரை.

பழைய உளி:
இரண்டு மீட்டர் கதவென்றால் நான்கு கீல். கண்ணாடி இருந்தால் கூடுதலாக இன்னொன்று.

தூக்கக்கலக்கம்:
அந்த இருபது நிமிடமும் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.