செலக்ட் பண்ணது ஒண்ணு, ரிட்டர்ன் போனது வேற: லிஸ்ட் வியூல பட்ட அனுபவம், உங்களுதும் சொல்லுங்க

சென்னை பார்க் டவுன்ல நைனியப்ப நாயக்கன் தெருவுல ஒரு மருந்து மொத்த வியாபாரக் கடைக்கு ஸ்டாக் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்திருக்கேன், சி ஷார்ப் மொழில, விண்டோஸ் ஸ்கிரீன் செய்யுற வின்ஃபார்ம்ஸ்ல, இன்னைக்கும் ஓடிட்டுதான் இருக்கு. அந்தத் தெரு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், காலைல கடை தொறந்ததும் மாடிப்படி வரைக்கும் அட்டைப் பெட்டி அடுக்கிடுவாங்க, நடக்க இடம் இருக்காது. அங்க நடந்த ஒரு விஷயத்தை ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன், ஏன்னா லிஸ்ட்ல எது செலக்ட் ஆயிருக்குன்னு பிடிச்சு வைக்கிறது சின்ன வேலைன்னு நானும் நினைச்சிட்டுதான் இருந்தேன்.

மருந்துக் கடைல எக்ஸ்பைரி ரிட்டர்ன்னு ஒரு வேலை உண்டு. தேதி முடியப் போற பேட்ச் எல்லாத்தையும் ஸ்டாக்ல இருந்து எடுத்து கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிட்டு கிரெடிட் நோட் வாங்கணும். அதுக்கு ஒரு ஸ்கிரீன் வெச்சிருந்தேன், பெரிய லிஸ்ட் வியூ, அதாவது வரி வரியா காட்டுற பட்டியல், கீபோர்டுல கன்ட்ரோல் கீயை அழுத்திட்டு வேணுங்கிற பேட்சை எல்லாம் கிளிக் பண்ணி ரிட்டர்ன் பட்டன் அடிச்சா ஸ்டாக்ல கழிஞ்சு ஸ்லிப் பிரின்ட் ஆகும். பல வருஷம் ஒரு குறையும் இல்லாம ஓடுச்சு. அப்புறம் பேட்ச் எண்ணிக்கை 18 ஆயிரத்தைத் தாண்டிடுச்சு, ஸ்கிரீன் தொறக்கவே ஏழெட்டு செகண்ட் ஆகுதுன்னு ஓனர் சொன்னாரு, சரின்னு விர்ச்சுவல் மோடுக்கு மாத்தினேன். மைக்ரோசாஃப்டோட டாட் நெட் 2.0 வந்த 2005ல இருந்தே லிஸ்ட் வியூல அது இருக்கு, எல்லா வரியையும் கன்ட்ரோலுக்குள்ள (திரையில இருக்கிற அந்த லிஸ்ட் பெட்டியைத்தான் கன்ட்ரோல்னு சொல்றேன்) கொட்டாம, திரையில தெரியுற வரி மட்டும் என்னன்னு அது நம்ம கிட்ட கேட்டுக் கேட்டு வரையும். கண்ணை மூடித் தொறக்குறதுக்குள்ள ஸ்கிரீன் வந்துச்சு, எல்லாருக்கும் சந்தோஷம்.

ரெண்டு வாரம் கழிச்சு கடைல இருந்து போன். குடோன்ல பேக்கிங் பண்ற பையன் ஸ்லிப்பைப் பார்த்துட்டு, "இந்த இன்சுலின் போன வாரம்தான் இறக்கினோம், இதை ஏன் ரிட்டர்ன் போட்டிருக்கீங்க"ன்னு கேட்டிருக்கான். அவன் கேக்கலைன்னா அந்தப் பெட்டி கிளம்பியிருக்கும். கணக்குப் பார்க்கிற அக்கா போன்ல சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு: "தம்பி, நான் ஒவ்வொண்ணா தேதி பார்த்துதான் செலக்ட் பண்ணேன், எண்ணிக் கூடப் பார்த்தேன், 43." அக்கா எடுத்தது 43, ஸ்லிப்லயும் 43, ரிட்டர்ன் போடவான்னு வந்த மெசேஜ்லயும் 43. எண்ணிக்கை சரி, சரக்கு வேற. நான் அக்கா கை தவறிடுச்சுன்னு நினைச்சேன், அதை இப்பவும் வருத்தத்தோடதான் சொல்றேன், பதினஞ்சு வருஷமா அந்த வேலை செய்யுறவங்க.

மறுநாள் நேர்ல போய்ப் பக்கத்துல உக்காந்து பார்த்தேன். தேதி வாரியா அடுக்கின லிஸ்ட்ல 43 பேட்சை செலக்ட் பண்ணாங்க. கிளெய்ம் கம்பெனி கம்பெனியா போகணும்ல, அதனால பட்டன் அடிக்கிறதுக்கு முன்னாடி கம்பெனி பேர் வர்ற பத்தியோட தலைப்புல ஒரு கிளிக் பண்ணி அடுக்கிப் பார்த்தாங்க. அவ்வளவுதான். நீலப் பட்டை எல்லாம் இருந்த இடத்துலயே நிக்குது, அதுக்குள்ள இருந்த மருந்து மாறிடுச்சு.

காரணம் யோசிச்சா ரொம்ப நேரானது. சாதாரண மோடுல ஒவ்வொரு வரியும் கன்ட்ரோலுக்குள்ள ஒரு ஐட்டமா உக்காந்திருக்கு, செலக்ட் ஆன அடையாளமும் அந்த ஐட்டத்தோட ஒட்டிக்கிட்டிருக்கு, சார்ட் பண்ணா, அதாவது மாத்தி அடுக்கினா, ரெண்டும் சேர்ந்தே நகரும். விர்ச்சுவல் மோடுல கன்ட்ரோல் கிட்ட ஐட்டமே கிடையாது, அதுக்குத் தெரிஞ்சது 0, 7, 12ன்னு வரி நம்பர் மட்டும்தான். அடியில இருக்கிற டேட்டாவை நான் மாத்தி அடுக்கினது அதுக்குத் தெரியவே தெரியாது. அது செஞ்சது தப்பு இல்ல, வரி நம்பரையே மருந்துன்னு நான் எடுத்துக்கிட்டதுதான் தப்பு. பணம் போறது கூட பரவாயில்லங்க, அந்த 43ல விட்டுப்போன பழைய பேட்ச் எல்லாம் விற்பனை ஸ்டாக்லயே நின்னுச்சு, அதை நினைச்சா எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. அக்காவும் பையனும் நானும் ராத்திரி ஒன்பது வரைக்கும் ரேக் ரேக்கா எடுத்துப் பார்த்து சரி பண்ணோம்.

அப்புறம் எப்படி மாத்தினேன்னு சொல்றேன். செலக்ஷனை கன்ட்ரோலை நம்பி விடாம, பேட்சோட பிரைமரி கீயை (ஒவ்வொரு பேட்சுக்கும் டேட்டாபேஸ்ல இருக்கிற மாறாத தனி நம்பர்) போட்டு ஒரு ஹேஷ்செட், அதாவது ஒரு தொகுப்பு, நானே வெச்சிக்கிட்டேன். சார்ட் பண்றதுக்கு முன்னாடி செலக்ட் ஆன வரி நம்பரைக் கொடுக்கிற செலக்டட் இன்டிசஸ்ல இருக்கிறதை எல்லாம் கீயா மாத்தி எடுத்துக்கணும், சார்ட் முடிஞ்சதும் அந்தக் கீ எல்லாம் இப்ப எந்த வரில இருக்குன்னு பார்த்து மறுபடி செலக்ட் பண்ணணும், அப்படிப் பண்ணும்போது நம்மளே கிளப்புற ஈவென்ட்டை, அதாவது ஏதோ மாறிடுச்சுன்னு கன்ட்ரோல் அனுப்புற தகவலை, கண்டுக்காம விட ஒரு ஃபிளாக், அதாவது ஒரு அடையாளம், வேணும். ஐட்டத்தையே கொடுக்கிற செலக்டட் ஐட்டம்ஸை விர்ச்சுவல் மோடுல தொட்டா எக்செப்ஷன்தான், அதாவது பிழைதான் வரும், இன்டிசஸ் மட்டும்தான். அதையும் லூப்ல ஒவ்வொண்ணா நம்பர் போட்டுக் கேட்டா ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து தேடிட்டு வரும், நிறைய செலக்ட் ஆயிருந்தா இழுத்துடும், ஒரே தடவை காப்பி டூங்கிற கட்டளை போட்டு மொத்தத்தையும் ஒரு அரேல (வரிசைப் பட்டியல்ல) எடுத்துக்கோங்க.

இன்னொண்ணும் கவனிங்க, ஷிஃப்ட் கீ பிடிச்சு மொத்தமா ஒரு நீளத்துக்கு செலக்ட் பண்ணா விர்ச்சுவல் மோடுல வரி வரியா ஈவென்ட் வராது, விர்ச்சுவல் ஐட்டம்ஸ் செலக்ஷன் ரேஞ்ச் சேஞ்ச்டுன்னு தனி ஈவென்ட் ஒண்ணு வரும். அதைக் கேக்காம விட்டா கீழ நாம காட்டுற எண்ணிக்கை பழசாவே நிக்கும். சாதாரண மோடுல இதுக்கு நேர் மாறு, ஒரு வரில இருந்து இன்னொரு வரிக்குப் போனாலே செலக்டட் இன்டெக்ஸ் சேஞ்ச்டு ரெண்டு தடவை வரும், பழசை விட்டதுக்கு ஒண்ணு, புதுசைப் பிடிச்சதுக்கு ஒண்ணு, நடுவுல எண்ணிக்கை பூஜ்யம், அந்த நேரத்துல முதல் ஐட்டத்தைக் கேட்டா புரோகிராம் விழுந்துடும். எல்லா வரியையும் மொத்தமா செலக்ட் பண்ணா ஆயிரக்கணக்குல வரும். நான் ஒவ்வொண்ணுக்கும் வேலை செய்யாம ஒரு டைமர் வெச்சு, கடைசி ஈவென்ட் வந்து 100 மில்லி செகண்ட் ஆனதும் ஒரே தடவை கணக்குப் பார்க்கிறேன்.

தேடுற பெட்டிதான் என்னை ரொம்ப யோசிக்க வெச்சது. அக்கா 12 பேட்ச் செலக்ட் பண்ணிட்டு மேல பேர் அடிச்சுத் தேடுறாங்க, அதுல 5 திரையை விட்டுப் போயிடுது, இப்ப அந்த 5 செலக்ட் ஆனதா ஆகாததா? நான் அக்கா கிட்டயே கேட்டேன். "நான் எடுத்து வெச்சதை நீ ஏன்பா கீழ போடுற"ன்னாங்க. அதனால விடல, ஆனா கீழ "12 தேர்வு, 5 இப்ப திரையில் இல்லை"ன்னு எப்பவும் காட்டுறேன். மறைஞ்சிருக்கிறதை சத்தமில்லாம சேர்த்து ரிட்டர்ன் போடுறது எனக்கு சரியாப் படல.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்க.

பதில், அம்பத்தூரில் இருந்து:

சார், நான் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல ஒரு மெஷின் ஷாப்புக்கு எம்எஃப்சில (சி பிளஸ் பிளஸ்ல விண்டோஸ் புரோகிராம் எழுதுற மைக்ரோசாஃப்ட் லைப்ரரி) டூல் லிஸ்ட் புரோகிராம் பார்த்துக்கிட்டிருந்தேன், முன்னாடி யாரோ எழுதினது. ஆபரேட்டர் டிலீட் சரியா வேலை செய்யலன்னு சொல்லிட்டே இருப்பாரு, நான் ஒரு வரி செலக்ட் பண்ணி அழிச்சுப் பார்ப்பேன், சரியா இருக்கும், அனுப்பிடுவேன். ஒரு நாள் வரிசையா 4 வரி செலக்ட் பண்ணி அழிச்சேன். முதலும் மூணாவதும் போச்சு, ரெண்டாவதும் நாலாவதும் அப்படியே நிக்குது, செலக்டே பண்ணாத அஞ்சாவது வரி போயிடுச்சு! கோடைத் தொறந்து பார்த்தா, கெட் ஃபர்ஸ்ட் செலக்டட் ஐட்டம் பொசிஷன் வாங்கிட்டு கெட் நெக்ஸ்ட் செலக்டட் ஐட்டம்னு லூப் ஓடுது, லூப்புக்குள்ளயே டிலீட். கெட் நெக்ஸ்ட் என்ன பண்ணும்னா இந்த வரியைக் கொடுக்கும்போதே அடுத்தது எதுன்னு பார்த்து வெச்சிக்கும், நாம நடுவுல ஒண்ணை உருவினதும் கீழ இருக்கிறதெல்லாம் ஒரு படி மேல ஏறிடும், அது பார்த்து வெச்ச நம்பர்ல இப்ப வேற ஆள் நிக்கிறாரு. நம்பரை எல்லாம் முதல்ல ஒரு அரேல எடுத்துக்கிட்டு கடைசில இருந்து மேல அழிச்சிட்டு வந்தேன், சரியாச்சு. ஆபரேட்டர் கிட்ட போய் நீங்க சொன்னது சரிதான் அண்ணே, ரெண்டு மாசமா நான்தான் பார்க்கலன்னு சொன்னேன்.

பதில், ஓஎம்ஆரில் இருந்து:

எனக்கு நடந்தது டபிள்யூபிஎஃப்ல, அதுவும் விண்டோஸ் ஸ்கிரீன் செய்யுறதுக்கான டூல்தான். செலக்டட் ஐட்டம்ஸை நேரா பைண்ட் பண்ண, அதாவது நம்ம டேட்டாவோட இணைக்க, முடியாதுல்ல, அதனால ஒவ்வொரு வரிக்கும் இஸ் செலக்டட்டை வியூ மாடலோட (திரைக்குப் பின்னாடி டேட்டாவை வெச்சிருக்கிற பகுதி) பைண்ட் பண்ணிட்டேன். கன்ட்ரோல் ஏ அடிச்சா 2000 வரியும் நீலமாகுது, ஸ்க்ரோல் பண்ணிப் பார்த்தாலும் நீலம்தான், எக்ஸ்போர்ட் பண்ணா ஃபைல்ல 35 வரி. விர்ச்சுவலைசேஷன் ஆன்ல இருந்தா திரையில இருக்கிற வரிக்கு மட்டும்தான் கன்டெய்னர், அதாவது அந்த வரியை வரையுற உருப்படி, உருவாகும், பைண்டிங் அந்தக் கன்டெய்னர்லதானே இருக்கு, மத்த வரிக்கு யாரும் போய் சொல்லவே இல்ல. செலக்ஷன் சேஞ்ச்டு ஈவென்ட்ல ஆடட் ஐட்டம்ஸ், ரிமூவ்டு ஐட்டம்ஸ் ரெண்டையும் எடுத்து நானே ஒரு செட்ல சேர்க்கிறேன் கழிக்கிறேன். 20 வரி வெச்சு டெஸ்ட் பண்ணா இது மாட்டவே மாட்டாது.

பதில், ஆண்டர்சன் தெருவில் இருந்து:

அண்ணா நான் புரோகிராம் எழுதுற ஆள் இல்ல, கல்யாணப் பத்திரிகைக் கடைல பில்லிங்ல இருக்கேன், நீங்க எழுதினதுல பாதி புரியல ஆனா அந்த அக்கா சொன்னது நல்லாப் புரியுது. எங்க சாஃப்ட்வேர்ல கார்டு டிசைன் நாலஞ்சு செலக்ட் பண்ணிட்டு பக்கத்துல எண்ணிக்கை அடிக்கிற பெட்டிக்குப் போனா லிஸ்ட்ல நீலமே காணாம போயிடும், எதை எடுத்தேன்னு தெரியாம திரும்ப லிஸ்ட்ல கிளிக் பண்ணுவேன், அப்ப முன்னாடி எடுத்தது எல்லாம் விட்டுப் போயிடும். தை, ஆவணி முகூர்த்த நேரத்துல பார்ட்டி எதிர்ல நிக்கும்போது இது நடந்தா அழுகையே வந்துடும். இப்ப பேப்பர்ல டிசைன் நம்பரை எழுதி வெச்சிட்டுதான் செலக்ட் பண்றேன்.

மறுபடி நான்:

தங்கச்சி, உங்க செலக்ஷன் எங்கயும் போகல, கன்ட்ரோல் அதை மறைச்சு வெச்சிருக்கு. உங்க சாஃப்ட்வேர்காரர் கிட்ட, லிஸ்ட்ல ஹைட் செலக்ஷன்னு ஒரு ப்ராபர்ட்டி இருக்கு, அதை ஃபால்ஸ் ஆக்கிக் கொடுங்கன்னு இதே வார்த்தைல சொல்லுங்க, வின்ஃபார்ம்ஸா இருந்தா ஒரு நிமிஷ வேலை. அப்படி வெச்சா வேற பெட்டிக்குப் போனாலும் சாம்பல் கலர்ல நிக்கும். அது வெளுப்பா இருந்து கண்ணுக்குப் படலைன்னா எடுத்த டிசைன் நம்பரை எல்லாம் பக்கத்துல தனி லிஸ்ட்டா காட்டச் சொல்லுங்க, நீங்க பேப்பர்ல எழுதுற அதே லிஸ்ட்தான்.

நானும் கடைசில அதைத்தான் செஞ்சேன். 43 பேட்ச் ரிட்டர்ன் போடவான்னு நம்பரை மட்டும் கேட்டுட்டிருந்த மெசேஜை எடுத்துட்டு, மருந்து பேர், பேட்ச் நம்பர், தேதி மூணும் வர்ற மாதிரி ஒரு விண்டோ வெச்சிருக்கேன், ஸ்டாக்ல கழியுறதும் அதுல இருக்கிற கீயை வெச்சுதான். அக்கா அதை ஒவ்வொண்ணா சத்தமா வாசிக்கிறாங்க, பையன் ரேக் பக்கத்துல நின்னு பெட்டியை எடுத்து வைக்கிறான், அப்புறம்தான் பட்டன்.