என்னியாகிராம் கோடுகள் ஏன் 1-4-2-8-5-7 என்று போகின்றன?

கேள்வி:
என்னியாகிராமின் ஒன்பது ஆளுமை வகைகள் ஓரளவு பிடிபட்டுவிட்டன. பிடிபடாதது அந்தப் படம்தான். வட்டத்துக்குள் ஒரு முக்கோணம், கூடவே குறுக்கும் நெடுக்குமாக ஆறு கோடு. அந்த ஆறும் ஏன் 1-4-2-8-5-7 என்றே போக வேண்டும்? இது பல நூற்றாண்டுப் பழமையான சூஃபி ஞானம் என்கிறார்களே, உண்மையா? நம் முக்குணங்களோடு இதைப் பொருத்தலாமா? கடைசியாக ஒன்று: இணையத் தேர்வு ஒருமுறை 6 என்கிறது, மறுமுறை 9 என்கிறது. வகையை எப்படி உறுதி செய்வது?

பதில் 1:
கோடுகளுக்கு விடை ஒரு வகுத்தல் கணக்கு. 1-ஐ 7-ஆல் வகுத்தால் 0.142857142857… என்று ஆறே இலக்கம் சுற்றிச்சுற்றி வரும். 2-ஐ வகுத்தால் 285714, 3-ஐ வகுத்தால் 428571. தொடங்கும் இடம் மாறும், வரிசை மாறாது. 3, 6, 9 அந்தப் பக்கமே வராது, அவைதான் முக்கோணம். ஆன்மிக ஆசிரியர் குர்ஜீஃப் 1916 வாக்கில் ரஷ்யாவில் தன் மாணவர்களுக்கு இதைக் கற்பித்தபோது முக்கோணம் 'மூன்றின் விதி'யை, அதாவது எது நடக்கவும் மூன்று விசை வேண்டும் என்பதைக் குறித்தது. ஆறு கோடு 'ஏழின் விதி'. அதை அவர் ஏழு சுரங்களை வைத்து விளக்கினார். புள்ளிக்கு ஓர் ஆளுமை என்ற பேச்சே அங்கே இல்லை.

ஒருமுறை கையால் வரைந்து பாருங்கள், தெளிந்துவிடும். வட்டம் போட்டு 40 பாகைக்கு ஒரு புள்ளி வையுங்கள். உச்சியில் 9, அங்கிருந்து வலஞ்சுழியாக 1, 2, 3… முதலில் 3-6-9 சேருங்கள், பிறகு 1-4-2-8-5-7-1. பலர் வழுக்குவது இங்கேதான்: கை தானாக 1-2-4-8 என்று இரட்டிப்பு வரிசைக்குப் போய்விடும். அப்படியும் இடவலம் ஒத்த அழகான படம் கிடைப்பதால் தவறு கண்ணில் படாது. சரிபார்க்க ஒரே வழி, சரியான படத்தில் எந்தக் கோடும் பக்கத்துப் புள்ளிக்குப் போகாது. 1-க்கும் 2-க்கும் நடுவே கோடு விழுந்திருந்தால் அழித்துவிட்டு மறுபடி போடுங்கள்.

பதில் 2:
சூஃபி பற்றி: ஒன்பது ஆளுமைகளைக் காட்டும் பழைய சூஃபி ஏடு எதையும் யாரும் முன்வைத்ததில்லை. புள்ளிகளில் குணங்களை ஏற்றியவர் ஆஸ்கர் இச்சாசோ என்ற ஆன்மிகப் பயிற்சியாளர். 1970-ல் சிலியின் அரிகா நகரில் அவர் நடத்திய பயிற்சிக்குப் போன மனநல மருத்துவர் கிளாடியோ நரஞ்சோ, அதை உளவியல் மொழிக்கு மாற்றி அமெரிக்காவில் கற்பித்தார்.

ஆனால் வேர் பழையது. 399-ல் இறந்த எவாகிரியஸ் என்ற எகிப்தியப் பாலைவனத் துறவி, துறவியைத் தாக்கும் எட்டு எண்ணங்களைப் பட்டியலிட்டார். பின்னாளில் அது கிறித்தவத்தின் ஏழு தலையான பாவங்களாக உருமாறியது. அந்த ஏழையும் வட்டத்தில் வைத்துப் பாருங்கள்: சினம் 1, செருக்கு 2, பொறாமை 4, உலோபம் 5, பெருந்தீனி 7, காமம் 8, சோம்பல் 9. மிஞ்சுவது 3-ம் 6-ம். அங்கே புதிதாகச் சேர்ந்தவை பொய்த்தோற்றமும் அச்சமும். இரண்டும் முக்கோணத்தின் முனைகளில் அமர்ந்திருக்கின்றன! நம் அறுபகைப் பட்டியலிலும் (காமம், குரோதம், உலோபம், மோகம், மதம், மாற்சரியம்) இந்த இரண்டும் இல்லை. என் கருத்தில் இந்த முறையின் உண்மையான புதுமை இதுதான். அச்சத்தைப் பாவமாகக் கண்டிக்காமல், ஆளுமையின் அடித்தளமாகப் பார்க்கிறது.

முக்குணத்தைப் பொருத்தாதீர்கள். கீதையின் 14-ஆம் அத்தியாயப்படி ஒரே ஆளிடம் மூன்று குணமும் உண்டு; ஒன்று மற்ற இரண்டை அடக்கி மேலோங்கும், பிறகு மாறும். அது நிலை. என்னியாகிராம் சொல்வதோ மாறாத வகை. மூன்று மூன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

பதில் 3:
தேர்வு தடுமாறுவதற்குக் காரணம், அது நடத்தையைக் கேட்கிறது; வகை இருப்பதோ உள்நோக்கத்தில். ஒரு வாக்குவாதத்தில் 6-ம் 'சரி' என்று சொல்லி விலகும், 9-ம் சொல்லும். வெளியே வித்தியாசமே தெரியாது. வீடு திரும்பிய பிறகு 6-ன் மனம் 'நாளைக்கு இது எங்கே போய் முடியும்?' என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே இருக்கும். 9-க்குத் தனக்கு என்ன வேண்டியிருந்தது என்பதே மறந்திருக்கும்.

அதனால் 14 நாள் குறிப்பெழுதுங்கள். நாளுக்கு ஒரு சம்பவம் போதும்: என்ன நடந்தது, முதலில் எழுந்த உணர்வு எது, எதை இழப்போம் என்று பயந்தீர்கள். மூன்றாவதுதான் முக்கியம், அதை அன்றிரவே எழுதிவிட வேண்டும். மறுநாள் எழுதினால் நியாயப்படுத்தல் கலந்துவிடும். பிறகு எண்ணிப் பாருங்கள். கோபமும் அதன் அடக்கலும் அதிகம் என்றால் 8-9-1, வெட்கமும் மதிப்பும் என்றால் 2-3-4, பயமும் கணிப்பும் என்றால் 5-6-7. அந்த மூன்றுக்குள் மட்டும் தேடுங்கள். 9 உள்ளவர்கள் எல்லா வகையிலும் தங்களைக் காண்பார்கள், அதுவே ஒரு துப்பு.

இதை வேலைக்கு ஆள் எடுக்கவோ வரன் பார்க்கவோ பயன்படுத்த வேண்டாம். அதற்குத் தேவையான உறுதியான ஆய்வுச் சான்று இதற்கு இல்லை.

கேட்டவர்:
மிக்க நன்றி. அம்புக்குறி எந்தத் திசையில் போட வேண்டும்?

பதில் 1:
நெருக்கடியில் 1-4-2-8-5-7 வழியே, முக்கோணத்தில் 9-6-3. தெளிவடையும்போது எதிர்த்திசை. அதாவது 1 நெருக்கடியில் 4-ன் சாயலையும் தளர்வில் 7-ன் சாயலையும் காட்டும். 'விங்' என்பது வேறு, அது பக்கத்துப் புள்ளி மட்டும்: 1-க்கு 9 அல்லது 2.